ஏட்டில் கான்ட்ராக்டர், களத்தில் கூலியாள்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



செங்கற்பட்டிலிருந்து கேளம்பாக்கம், கோவளம், மாமல்லபுரம் வரை கட்டடங்கள் எழுந்த வண்ணம் உள்ளன. நம்மவர் பலருக்கும் கட்டட ஒப்பந்தமே ஜீவனம். ஹலாலான தொழில்தான். ஆயினும், அதில் புகுந்துவிட்ட ஒரு வழக்கத்தை இன்று சிந்திப்போம்.

காலையில் வந்து, நம் மேற்பார்வையில், நாம் தரும் சிமெண்டையும் கம்பியையும் கொண்டு, நாள் கூலிக்கு உழைக்கும் கொத்தனாரைக் கணக்கேட்டில் மட்டும் 'சப்-கான்ட்ராக்டர்' என்று எழுதுகிறார்கள். ஏன்? பத்துப் பேர் இருந்தால் ஈ.எஸ்.ஐ., இருபது பேர் இருந்தால் வருங்கால வைப்பு நிதி என்று செலுத்த வேண்டியுள்ளது. அது மிச்சமாகிறது. அவர் சாரத்திலிருந்து விழுந்தால், "எங்கள் ஆள் அல்லர்" என்றும் கூறிவிடலாம்!

நம் ஃபிக்ஹு மேதைகள் கூலிக்கு உழைப்போரை இரு வகையினராகப் பிரித்தார்கள். மாதக் கூலிக்கு ஆடு மேய்ப்பவரைப் போல, தம் நேரத்தை ஒருவருக்கே ஒப்படைப்பவர் 'அஜீர் காஸ்'. சாயம் தோய்ப்பவரைப் போல, பலருக்கும் பொதுவாக வேலை செய்பவர் 'அஜீர் முஷ்தரக்'. முன்னவர் வேலைக்கு வந்து நின்றாலே கூலிக்கு உரியவர்; பின்னவர் வேலையை முடித்தால்தான் உரியவர். ஹனஃபி நூலான ஹிதாயாவில் இவ்விளக்கம் உள்ளது. ஒப்பந்தத்தில் கவனிக்கப்படுவது சொல்லன்று, அதன் உட்பொருளே என்பதும் ஃபிக்ஹின் விதி.

நாட்டின் நீதிமன்றமும் இதையே கூறியது. கேரளக் கயிற்றுத் தொழிற்சாலை ஒன்றில், இடையே ஒப்பந்தக்காரர்களை வைத்துவிட்டு, "இவர்கள் என் தொழிலாளர் அல்லர்" என்றார் உரிமையாளர். 1978இல் உச்ச நீதிமன்றம் அத்திரையை விலக்கிப் பார்த்து, அவரே முதலாளி என்று தீர்ப்பளித்தது.

உண்மையான ஒப்பந்தக்காரரும் உண்டு. தம் ஆட்கள், தம் கருவிகளுடன் சதுர அடிக்கு விலை பேசி, இலாபத்தையும் நட்டத்தையும் தாமே ஏற்பவர் அவர். அவருக்கும் கடமை உண்டு. தனிநபர் ஒப்பந்தக்காரருக்கு ஒரே தடவையில் 30,000 ரூபாய்க்கு மேல் தருபவர் நிறுவனமாயின், 1 சதவிகிதம் வரி பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். பிடித்ததைத் தாமே வைத்துக்கொண்டால், அது பிறர் பொருள். வீட்டுக்காரரிடம் வாங்கிய ஜி.எஸ்.டி.யும் அமானிதமே.

"ஜகாத் கொடுக்கிறேனே, வரி எதற்கு?" என்று சிலர் கேட்கின்றனர். ஜகாத் இபாதத், வரி, நாம் ஏற்று வாழும் நாட்டுடனான உடன்படிக்கை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. சுமை என்றால் நேரிய வழி இருக்கிறது. விற்றுமுதல் 2 கோடி ரூபாய்க்கு உட்பட்ட சிறு தொழிலர், ரொக்க வரவில் 8 சதவிகிதத்தையோ, உண்மையில் அதற்கு மேல் கிடைத்ததையோ ஆதாயமாகக் காட்டி, விரிவான கணக்கேடுகள் இன்றியே வரி செலுத்தலாம். இப்படி வழியிருக்க, பொய்க் கணக்கு எதற்கு?

சகோதரர்களே! வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (புகாரி). தொழிலாளியின் வைப்பு நிதியும் மருத்துவ உரிமையும் அவரது உழைப்பின் பலனல்லவா?

ஆகவே, இன்று வீடு சென்றதும் கணக்கேட்டைத் திறந்து பாருங்கள். கூலியாளைக் கூலியாள் என்றே எழுதுங்கள். 1994இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிவு பெறத் துணை நில்லுங்கள். நாளை நம் கையில் தரப்படும் ஏட்டில் இவையும் இருக்கும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தூய சம்பாத்தியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.