லோரி ஓட்டிய வீரர்
(தானா ராத்தாவில் நடந்த நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தொண்ணூறு வயதைக் கடந்து, சில ஆண்டுகளுக்கு முன் நம்மை விட்டுப் பிரிந்த ஒரு பெரியவரை நினைக்கக் கூடியிருக்கிறோம். பட்டம் பதவி இல்லாதவர். தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். அவரை நாம் எல்லாரும் 'டிரைவர் தாத்தா' என்றே அழைத்தோம்.

1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து, இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21-இல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். மரம் வெட்டிய கைகள் துப்பாக்கி பிடித்தன. நம் தாத்தாவுக்கு அப்போது வயது பதினெட்டு. பர்மாவில் அவர் லோரி ஓட்டினார். போகும்போது அரிசி, திரும்பும்போது காயம்பட்டவர்கள். 1945-இல் படை ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது எண்ணெய் தீர்ந்தது. லோரியை விட்டுவிட்டு நடந்தே வந்தார்.

ஜப்பான் சரணடைந்ததும், வெள்ளைக்காரன் திரும்பி வருகிறான் என்ற அச்சத்தில், தம் படைத் தாள்களை அடுப்பில் போட்டுவிட்டார். இதை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டிருக்கிறோம்.

பிறகு இந்த மலை. 1931-இல் திறந்த தாப்பா சாலையின் வளைவுகள் அவருக்கு உள்ளங்கை ரேகை. கொய்த கொழுந்து குவிந்து கிடந்தால் சூடேறிக் கெட்டுவிடும். அன்றன்றே ஆலைக்குப் போயாக வேண்டும். மழையோ மூடுபனியோ, அவர் லோரி நின்றதில்லை. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், எந்த வளைவில் சுடுவார்களோ என்று அஞ்சிய நாட்களிலும் ஓட்டினார். இளம் டிரைவர்களுக்கு அவர் சொன்ன பாடம் ஒன்றுதான்: "ஏறின கியரிலேயே இறங்குப்பா. பிரேக்கை மட்டும் நம்பாதே."

ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றுச் சேமநிதிப் பணம் கேட்டுப் போனார். அங்கேதான் வந்தது இடி. அடையாளக் கார்டில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், சேமநிதித் தாளில் இன்னொரு பெயர்! எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார்கள். "இவர் நீதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்கள். பர்மா வரை போய் வந்த மனிதர், தாம் யார் என்று நிரூபிக்க மாதக்கணக்கில் அலைந்தார்.

கடைசியில் ஒரு வயதான கிராணியார் பழைய புத்தகங்களைத் தேடி எடுத்து, சத்தியப் பிரமாணத் தாள் எழுதிக் கொடுத்து, கூடவே பஸ் ஏறிப் போனார். பணம் கிடைத்தது. ஆனால் 1972-இல் இந்திய அரசு தொடங்கிய விடுதலை வீரர் ஓய்வூதியத்துக்கும் சான்று தேவைப்பட்டது. அந்தத் தாளோ என்றோ சாம்பலாகிவிட்டது. அவர் விண்ணப்பிக்கவே இல்லை. "சண்டைக்குப் போனது சம்பளத்துக்கா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கசப்பு இருந்ததை நாம் அறிவோம்.

தோழர்களே! சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்ட நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்கூட இல்லை. பெயரைத் தொலைத்தவர்களின் பிள்ளைகள் நாம். இனியும் தொலைக்கலாமா?

இன்றிரவே வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறவுங்கள். எல்லாத் தாள்களிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா, சேமநிதிக்கு வாரிசு பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிராணிமார்களே, உங்கள் பேனாவில் ஒரு எழுத்து பிசகினால் ஒரு கிழவர் நடுத்தெருவில் நிற்பார். அதே பேனா அவரைக் கரையும் சேர்க்கும். வீட்டில் முதியவர் இருந்தால் அவர் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள்.

டிரைவர் தாத்தாவுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.