பேருக்காகப் போட்ட பாத்தி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க. வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசச் சொன்னாங்க. தோட்டம் போட்டா காய் வாங்குற காசு மிச்சம், மருந்தடிக்காத காய் கிடைக்கும் என்பதெல்லாம் பயிற்சியில கேட்டுக் கேட்டு உங்களுக்கே மனப்பாடம். அதனால நான் அதைச் சொல்லப் போறதில்லை. செடிகளோட பேரைப் பற்றித்தான் சொல்லப் போறேன்.

போன ஆடியில எங்க கொல்லையில ரெண்டு பாத்தி போட்டேன். ஒண்ணுக்கு மிருகப் பாத்தின்னு பேரு. இன்னொண்ணு நகைப் பாத்தி. சிரிக்கிறீங்க. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சிரிச்சார்.

மிருகப் பாத்தியில என்னென்ன இருக்குன்னா, யானைக்காது அவரை, யானைத்தந்த வெண்டை, பூனைத்தலை கத்தரி, பாம்புப் புடலை, ஓரத்துல கோழிக்கொண்டைப் பூ. எல்லாம் நான் வச்ச பேர் இல்லை, பெரியவங்க வச்சது. யானைக்காது அவரையைப் பறிச்சுக் கையில வச்சுப் பாருங்க, தட்டையா, அகலமா, காது மாதிரியே இருக்கும். யானைத்தந்த வெண்டை நீளமா, வெளிறின பச்சையில, நுனி லேசா வளைஞ்சு வரும். பூனைத்தலை கத்தரி குண்டுக் கத்தரி. பூனை மூஞ்சி எங்கே இருக்குன்னு என் சின்னவன் தினமும் தேடுவான். அவன் கத்தரிக்காய் கண்டா ஓடுற பிள்ளை. இப்பவும் சாப்பிடுறதில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனா தண்ணி ஊத்துறது அவன்தான். அவரையும் வெண்டையும் "நான் வளர்த்தது"ன்னு சொல்லிச் சாப்பிடுறான்.

பேர் மட்டும் பார்த்து நட்டா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். அதனால முதல்ல ஒரு பழைய நோட்டுல கட்டம் போட்டு எழுதிக்கிட்டேன். பாத்தி 4 அடி அகலம், 12 அடி நீளம். அகலத்தை இதுக்கு மேல வைக்காதீங்க, ரெண்டு பக்கம் நின்னாலும் கை நடுவரைக்கும் எட்டணும், பாத்தியை மிதிக்கக் கூடாது. நீளம் வடக்கு தெற்கா இருக்கட்டும். வடக்கு ஓரத்துல பந்தல், அதுல அவரையும் புடலையும். அடுத்து வெண்டை, செடிக்குச் செடி ஒரு அடி. அதுக்கு அடுத்து கத்தரி, 2 அடி இடைவெளி. தெற்கு ஓரத்துல கோழிக்கொண்டை. ஏன் இப்படின்னா, ஐப்பசி கார்த்திகையில வெயில் தெற்கே சாய்ஞ்சு அடிக்கும். உயரமான பந்தலைத் தெற்கே போட்டா அதோட நிழல் மத்த செடி மேல விழுந்து, பூ பிடிக்காது. கத்தரியை மட்டும் ஒரு மாசம் முன்னாடியே நாத்து விட்டு வச்சுக்கணும். மத்ததெல்லாம் நேரா விதைக்கலாம். புடலைப் பிஞ்சு சுருண்டுக்கிட்டு வந்தா நுனியில ஒரு சின்னக் கல்லைக் கட்டி விடணும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குதிரைவாலியும் ஒரு வரிசை தூவினேன், குதிரையும் இருக்கட்டுமேன்னு. குருவிங்க வந்து எனக்கு முன்னாடியே அறுவடை பண்ணிட்டுப் போயிடுச்சுங்க.

ஒரு எச்சரிக்கை. பேர் பொருத்தமா இருக்குன்னு பூனைக்காலியைப் போட்டுடாதீங்க. அதோட காய் மேல இருக்கிற சுணை பட்டா அரிப்பு தாங்காது. பிள்ளைங்க ஓடியாடுற இடத்துக்கு அது வேண்டாம்.

அடுத்தது நகைப் பாத்தி. மூக்குத்தி அவரை, பொன்னாங்கண்ணி, கனகாம்பரம், மணித்தக்காளி. கனகம்னா பொன். பொன்னாங்கண்ணியிலயும் பொன் இருக்கு. மணத்தக்காளிதான் சரியான பேராம், நம்ம ஊர்ல மணித்தக்காளின்னு சொல்றதால மணியையும் சேர்த்துக்கிட்டேன். நம்ம நகையெல்லாம் பாதி நாள் அடகுக் கடையிலதான் இருக்கு. இந்த நகைக்கு வட்டி கிடையாது, மீட்கப் போகவும் வேண்டாம்.

இதுல மூக்குத்தி அவரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நிறைய பேர் பார்த்திருக்க மாட்டீங்க. பேர்தான் அவரை, அவரைக்கும் அதுக்கும் சொந்தமே இல்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தாளிக்கீரை அதுங்களோட குடும்பம். பூ சாயங்காலம் விரியும், விடிஞ்சா வாடிடும். பூவைத் தாங்குற காம்புதான் தடிச்சு, சதைப்பிடிப்பா, மூக்குத்தித் திருகாணி மாதிரி ஆகும். அதைப் பிஞ்சோட பறிச்சுப் பொரியல் செய்யலாம், புளிக்குழம்புலயும் போடலாம். முத்திட்டா சமையலுக்கு ஆகாது, விதைக்கு விட்டுடணும். வேலியில ஏத்தி விட்டாப் போதும், தானே ஓடிக்கும்.

இந்தப் பேர்களில் பாதி எனக்கு எங்க மாமியார் சொல்லித்தான் தெரியும். அவங்களுக்கு இப்போ கண் சரியாத் தெரியறதில்லை. விதையைக் கையில கொடுத்தா விரலால தடவியே இது இன்னதுன்னு சொல்லிடுவாங்க. யானைக்காது அவரை விதை தேடி எங்க தெரு முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். எங்க வீட்டை விட்டா ஒரே ஒரு பாட்டி வீட்டுலதான் இருந்துச்சு, பழைய சேலைத் துணி முடிச்சுல. யானைத்தந்த வெண்டை எங்க ஊர்ல யார்கிட்டயும் இல்லை, வெளியூர்ல நடந்த விதைத் திருவிழாவில வாங்கினேன். கடைப் பாக்கெட்டுல வர்ற வெண்டை நல்லாத்தான் காய்க்குது, நான் குறை சொல்லலை. ஆனா அது வீரிய ஒட்டு விதையா இருந்தா, அதுல விதை எடுத்துப் போட்டா அடுத்த தடவை தாய்ச் செடி மாதிரி வராது, திரும்பக் கடைக்குத்தான் போகணும். அந்தப் பாட்டியோட முடிச்சைப் பத்து வருஷம் கழிச்சு யார் அவிழ்த்துப் பார்க்கப் போறாங்க, அப்படியே பார்த்தாலும் அது முளைக்குமா?

விதை எடுக்குறதுக்கும் இந்தப் பேர்ப் பாத்தி ஒரு வழி. ஒரு இனத்துல ஒரே ஒரு ரகம்தான் போடுறேன். வெண்டைன்னா யானைத்தந்தம் மட்டும்தான். வெண்டைப் பூவுக்குத் தேனீயும் வண்டும் வரும். பக்கத்துல வேற வெண்டை இருந்தா மகரந்தம் கலந்து, அடுத்த வருஷம் தந்தமும் இல்லாம, மத்ததும் இல்லாம ஏதோ ஒண்ணு வரும். கத்தரியும் கலக்கும். நல்ல செடியா ரெண்டு பார்த்துச் சிவப்புத் துணி கட்டிடுவேன், அதுல யாரும் பறிக்கக் கூடாது. வெண்டை செடியிலயே காயணும். கத்தரி மஞ்சளாப் பழுக்கணும். பிறகு அறுத்து, தண்ணியில கழுவி, அடியில தங்குற விதையை மட்டும் எடுத்து, சாம்பல் கலந்து நிழல்ல உலர்த்தணும்.

நெல் ஜெயராமன் ஐயாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. 2018-ல காலமானார். திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்துல நெல் திருவிழா நடத்தி, மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் மாதிரி எத்தனையோ நெல்லைத் திரும்பக் கொண்டு வந்தார். 2 கிலோ விதை வாங்கிட்டுப் போறவங்க அடுத்த வருஷம் 4 கிலோவாத் திருப்பிக் கொடுக்கணும், அதுதான் அங்கே கணக்கு. கடன் கொடுத்துத் திரும்ப வாங்குற கணக்கு நமக்குப் புதுசா? பேருக்கும் மதிப்பு இருக்கு. 2023-ல வேலூர் முள்ளுக் கத்தரிக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நம்ம கூட்டமைப்புக் கட்டடத்துக்குப் பின்னாடி 3 சென்ட் இடம் சும்மா கிடக்கு. கடை கட்டி வாடகைக்கு விடலாம்னு ஒரு பேச்சு இருக்கு. வாடகை வந்தா நல்லதுதான், மறுக்கலை. அதுல பாதி, ஒன்றரை சென்ட், தண்ணிக் குழாய்ப் பக்கம் இருக்கிற பாதியை விதைப் பாத்திக்கு விடுங்கன்னு கேட்கிறேன். அதுல இந்த அளவுல 8 பாத்தி போடலாம். குழுவுக்கு ஒரு பாத்தின்னு 8 குழு எடுத்துக்கட்டும், என்ன பேர்ல போடுறதுன்னு அவங்களே முடிவு பண்ணட்டும். பக்கத்துலயே அங்கன்வாடி இருக்கு, பிள்ளைங்க வந்து பார்ப்பாங்க. விதை வாங்குறவங்க ரெண்டு மடங்காத் திருப்பணும், தனியா ஒரு பதிவேடு போட்டு எழுதிக்கலாம். என் பங்குக்கு யானைக்காது அவரை கால் கிலோ, வெண்டை ஒரு கைப்பிடி, கத்தரி விதை ஒரு சின்ன டப்பா தர்றேன்.

அடுத்த மாதக் கூட்டத்துல இது தீர்மானத்துக்கு வருது. அதுக்கு முன்னாடி உங்க வீட்டுப் பரண், அடுக்குப் பானை, மாமியாரோட டிரங்குப் பெட்டி எல்லாத்தையும் ஒரு தடவை பாருங்க. பேர் தெரியாத விதை இருந்தாலும் கொண்டு வாங்க. எங்க மாமியாரை ஆட்டோவில கூட்டிக்கிட்டு வர்றேன், தடவிப் பார்த்துச் சொல்லுவாங்க.