மூளையின் வாயிலும் காலை மாத்திரையும்

மாட்டுங்காவில் நம் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவருக்குப் பார்க்கின்சன் நோய் என்னும் நடுக்குவாதம். காலையில் இட்லியும் பருப்பு மிகுந்த சாம்பாரும் உண்ட கையோடு லெவோடோப்பா மாத்திரையை விழுங்குவார். சில நாள் கை கால் இசையும். சில நாள் மரம்போல் விறைக்கும். மருந்துக் கடைக்காரரை ஐயுற்றார், மருத்துவரையும் ஐயுற்றார். குற்றம் இருவரிடத்தும் இல்லை. மூளைக்குள் புகும் வாயிலில் நெரிசல்!

மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்ச் சுவர் மிக நெருக்கமாக அமைந்தது. அமினோ அமிலங்கள் தாமாக அதனைக் கடக்க இயலா. ஏற்றிச் செல்லும் புரதங்கள் வேண்டும். இவற்றைக் 'கடத்திகள்' என்று எழுதலாம். ஆயின் பம்பாய்வாசிகள் தங்கக் கடத்தலையன்றோ நினைப்பர்! மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் 'சுமப்பி' என்று வைத்துக்கொண்டோம்.

மாட்டுங்காவாசிகளுக்கு மூன்று ரயில் நிலையங்கள்: மத்திய ரயில்வேயில் மாட்டுங்கா, மேற்கு ரயில்வேயில் மாட்டுங்கா ரோடு, துறைமுகப் பாதையில் கிங்ஸ் சர்க்கிள். எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தே போய்ச் சேரும் இடம். சுமப்பிகளின் செய்தியும் அதுவே. 1998-இல் இனங்காணப்பெற்ற எல்.ஏ.டி.-1 என்பது குழாய்ச் சுவரணுக்களில் இரத்தத்தை நோக்கிய புறத்திலும் மூளையை நோக்கிய புறத்திலும் உள்ளது. லூசின், ஃபினைல் அலனின், டிரிப்டோஃபான் யாவும் இதன் வழியே செல்கின்றன. லெவோடோப்பாவும் ஓர் அமினோ அமிலமே. அதற்கும் அதே வாயில். புரதம் மிகுந்த உணவுக்குப்பின் மருந்து வரிசையில் நிற்க நேர்கிறது.

உள்ளே வேறு காவல். நரம்பணுக்களைக் கிளர்த்தும் குளூட்டமேட் தேங்கிவிட்டால் அவ்வணுக்கள் மடியும். அதனைப் பெரும்பாலும் அகற்றுவது இ.ஏ.ஏ.டி.-2, அது மிகுதியாக இருப்பதோ நரம்பணுவில் அன்று, அதனை அடுத்துள்ள விண்மீன் வடிவ உயிரணுக்களில். அவை குளூட்டமேட்டைக் குளூட்டமினாக மாற்றித் திருப்பி அனுப்புகின்றன. நரம்பணுக்களுக்கு உரியது இ.ஏ.ஏ.டி.-3.

லெவோடோப்பா நமக்குப் புதியதன்று. பூனைக்காலி விதையிலிருந்து 1937-இல் அதனைப் பிரித்தெடுத்து எழுதியவர்கள் சென்னையின் தாமோதரனும் இராமசாமியும் ஆவர். நோயாளிக்கு அது பயன்படும் என்பது வியன்னாவில் 1961-இல்தான் வெளிப்பட்டது. இதைக் கேட்ட பெரியவர் விதைப்பொடிக்கே மாறிவிட எண்ணினார். பொடியில் மருந்தின் அளவு ஒரே சீராக இராது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். பருப்பையும் விட்டுவிட வேண்டாம், மாத்திரைக்கும் உணவுக்கும் இடையே அரைமணி நேரம் விடுக என்றார்.

இப்போது ஆறரை மணிக்கு மாத்திரை. ஏழு அடித்த பிறகே அவர் வீட்டில் சாம்பார் மணக்கிறது.