தீராத சோர்வும் விற்றமின் குளிசைகளும்



காலையில் எழும்போதே களைப்பு என்று கூறி, மருந்துக் கடையில் பல்விற்றமின் போத்தல் ஒன்றை வாங்கிச் செல்லும் தமிழர் இலண்டனில் பலர். இரும்புச்சத்துக் குறைவு, விற்றமின் பி12 குறைவு, தைரொயிட் குறைபாடு, நீரிழிவு யாவும் சோர்வைத் தரவல்லவை. எது காரணம் என்பதை அறியக் குடும்ப மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்விப்பார். அதற்குக் கட்டணம் இல்லை.

பரிசோதனைக்கு முன்பே பி12 குளிசை விழுங்கினால், குறைபாடு மறைந்து முடிவு சரியானதுபோல் தோன்றக்கூடும். முட்டை, பால் தவிர்க்கும் மரக்கறி உணவினரும், நீரிழிவுக்கு நெடுங்காலம் மெற்போமின் உட்கொள்வோரும் இதில் விழிப்பாயிருத்தல் நன்று. மெற்போமின் பி12 அளவைக் குறைக்கக்கூடும் என 2022 இல் பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை முகமையும் அறிவுறுத்தியது. அதற்காக அம்மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது.

விற்றமின் டி வேறு கதை. ஒக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை இந்நாட்டு வெயில் அதற்குப் போதாது. தெற்காசியர் போன்ற கருநிறத் தோலுடையோர் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 அலகு, எடுப்பதைக் கருத்திற்கொள்ளுமாறு தேசிய சுகாதார சேவை கூறுகிறது. இந்தியாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் குளிசையில் 60,000 அலகு இருக்கலாம். அது 150 நாட்களுக்கான அளவு! மருத்துவர் சொல்லாமல் அதை நாள்தோறும் உண்பது ஆபத்து.

உட்கொள்ளும் போத்தல்கள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையெனில், சந்திப்பைப் பதியும்போதே கேளுங்கள், அச்சேவை இலவசம்.