மலிவு கிதார், விலை உயர்ந்த கிதார்: வித்தியாசம் எங்கே?



எலெக்ட்ரிக் கிதார் வாங்க நினைக்கும் தம்பிகள் கேட்பது ஒன்றுதான். "அண்ணா, பத்து மடங்கு விலை கொடுத்தா பத்து மடங்கு நல்லா இருக்குமா?"

ஃபெண்டர் கம்பெனியை நிறுவிய லியோ ஃபெண்டர், ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவர். கிதார் வாசிக்கத் தெரியாதவர்! 1954-ல் வந்த அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டரில் உடல் தனி, கழுத்து தனி. இணைக்க நான்கு திருகாணிகள். தொழிற்சாலைக்கென்றே அமைந்த வடிவம். 1982-ல் அதே கம்பெனி 'ஸ்குவையர்' என்ற பெயரில், ஜப்பானில் செய்த மலிவுக் கிதார்களை விற்கத் தொடங்கியது. இன்று இரண்டு வகைக்கும் மரத்தை வெட்டுவது கம்ப்யூட்டர் இயந்திரம்தான். கம்பி நீளம் இரண்டிலும் 25½ அங்குலம். இயந்திரத்துக்கு ஏழை, பணக்காரன் தெரியாது.

வித்தியாசம் அதற்குப் பிறகு வரும் கைவேலையில் இருக்கிறது. கழுத்தில் வரிசையாகப் பதித்த உலோகக் கட்டைகள்தான் ஃப்ரெட். ஒன்று சற்றே உயர்ந்திருந்தால் கம்பி அதில் உரசி 'கிர்'ரென்று இரையும். வறண்ட காற்றில் மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது. சரியாக ராவாத முனைகள் உள்ளங்கையைக் கீறும். கழுத்தின் தலைப்பில் கம்பிகள் உட்காரும் 'நட்' என்ற சிறு துண்டில் பள்ளம் ஆழம் குறைந்தால், முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது விரல் வலிக்கும், சுருதியும் ஏறிவிடும். விலை உயர்ந்த கிதாரில் இதற்கெல்லாம் ஒரு ஆள் நேரம் செலவழிக்கிறார். நல்ல சுவிட்சு, வால்யூம் கன்ட்ரோல், இரைச்சல் தடுப்பு இவற்றுக்கும் காசு போகிறது. பளபளப்புக்கும் பெயருக்கும் ஒரு பங்கு போகிறது என்பதையும் மறைக்க வேண்டாம்.

கடைக்குப் போனால் கழுத்தின் ஓரத்தில் கையை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் வாசித்துக் கேளுங்கள். முதல் ஃப்ரெட்டில் ட்யூனர் வைத்துச் சுருதி பாருங்கள். கழுத்து நேராக இருந்தால் மலிவுக் கிதாரையே தைரியமாக வாங்கி, மிச்சப் பணத்தில் கொஞ்சத்தை நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து நட்டையும் ஃப்ரெட்டையும் சரிசெய்யுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன்? சரியில்லாத கிதாரோடு மல்லுக்கட்டி, "நமக்கு இசை வராதுப்பா" என்று மூலையில் வைத்துவிட்டவர்கள் நிறையப் பேர். குறை அவர்கள் விரலில் இல்லை. அரை மில்லிமீட்டர் ராவாமல் விட்ட பள்ளத்தில் இருந்தது. நாளை நீங்கள் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும், கடைசி அரை மில்லிமீட்டரைப் பார்க்கும் ஆளாக இருங்கள்.