மருந்து குடித்தாரா, விஷம் குடித்தாரா?



நம் தோட்டப்புறத் தமிழில் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. காய்ச்சலுக்குச் சாப்பிடுவதும் மருந்துதான். காட்டில் புல் சாக அடிப்பதும் மருந்துதான். தோளில் தோம்பு சுமந்து களைக்கொல்லி தெளித்த பெண்களைக் கேட்டால், 'மருந்தடிக்கிற வேலை பார்த்தேன்' என்றுதான் சொல்வார்கள். வீட்டில் ஒருவர், 'அப்பா மருந்து சாப்பிட்டாரு' என்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதே வீட்டில் குரலைத் தாழ்த்தி, 'அப்பா மருந்தைக் குடிச்சிட்டாரு' என்றால் அக்கம்பக்கமே ஓடிவரும். தமிழ்க் காதுக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை.

இப்போது ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். இரவு 11 மணி. ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. பாட்டி அழுதுகொண்டே தமிழில் சொல்கிறார். பணியில் இருக்கும் இளம் தாதிக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நிற்கும் ஐந்தாம் ஆண்டு படிக்கும் பேரன்தான் மொழிபெயர்ப்பாளர். பள்ளியில் மலாய் பாடத்தில் கெட்டிக்காரன். பாட்டி சொன்னதை அப்படியே, சொல்லுக்குச் சொல் மாற்றிச் சொல்கிறான்: தாத்தா 'ஊபாட்' குடித்துவிட்டார். ஊபாட் என்றால் மலாயில் மருந்து. என்ன மாத்திரை, எத்தனை மாத்திரை என்று தாதி கேட்கத் தொடங்குகிறார். அவன் சொல்லியிருக்கவேண்டிய சொல் 'ராச்சுன்', அதாவது நஞ்சு. பையன்மீது தவறில்லை. தாதிமீதும் தவறில்லை. ஆனால் அந்தத் தாத்தா குடித்தது பராகுவாட்டாக இருந்தால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. தொடக்க மணி நேரங்கள்தான் எல்லாம்.

இது நடக்கக்கூடிய ஒன்றா என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். 1980இல் புளோரிடா மாநிலத்தில் 18 வயது இளைஞர் ஒருவரை மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கியூபாவிலிருந்து குடியேறிய ஸ்பானிய மொழிக் குடும்பம். குடும்பத்தார் 'இன்டாக்சிகாடோ' என்றார்கள். சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது என்று அவர்கள் பேச்சில் பொருள். ஆங்கிலம் மட்டும் அறிந்த மருத்துவரின் காதில் அது போதை என்று விழுந்தது. போதைப்பொருள் அதிகமாக உட்கொண்டதாக முடிவுசெய்து, அதற்கே சிகிச்சை தந்தார்கள். உண்மையில் அவருடைய மூளைக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் நாட்கள் ஓடிவிட்டன. கை கால்கள் செயலிழந்தன. பின்னர் ஏற்பட்ட இழப்பீட்டு உடன்பாட்டின்படி, அவருடைய ஆயுளுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் தொகை 7 கோடி டாலரைத் தாண்டும். அங்கே வேதனையான விஷயம் என்னவென்றால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை. இரண்டு தரப்பும் புரிந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டன.

அமெரிக்காவில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டில் ஸ்பானிய மொழி பேசுகிறார்கள். 1964இன் குடியுரிமைகள் சட்டத்தை அடியாகக் கொண்டு, 2000ஆம் ஆண்டில் அதிபர் கிளின்டன் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். ஆங்கிலம் சரியாகத் தெரியாதவர்களுக்கும் அரசாங்கச் சேவை புரியும்படி கிடைக்கவேண்டும் என்பது அதன் சாரம். அதன்பிறகு தாதியர், ஆசிரியர், சமூகநல அதிகாரிகள் ஆகியோருக்கென்று ஸ்பானியச் சொற்பட்டியல்கள், படிவங்கள், கையேடுகள், தொலைபேசி மொழிபெயர்ப்பு எல்லாம் பெருகின. 2016இல் சுகாதாரத் துறையில் வந்த விதி இன்னும் ஒருபடி மேலே போனது: உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் வேறு ஆளே இல்லை என்றால் ஒழிய, பிள்ளைகளை மொழிபெயர்க்கவிடக் கூடாது. கிளின்டனின் ஆணையை 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் நீக்கிவிட்டார். ஆனாலும் 'புரொமொத்தோரா' என்று அழைக்கப்படும் பெண்கள் ஸ்பானிய மக்களிடையே இருக்கிறார்கள். அந்தச் சமூகத்திலேயே பிறந்து, பயிற்சி பெற்று, வீடு வீடாகப் போய் உடல்நலம் பேசுகிறவர்கள். அதிபரின் ஆணையால் பிறந்தவர்கள் அல்லர் அவர்கள். அதற்கு முன்பிருந்தே அந்த வேலையைச் செய்து வருகிறவர்கள்.

நம் பேராக்கில் அப்படிப்பட்ட ஆட்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். தோட்டத்து டிரஸ்ஸர் இருந்தார். கிராணி இருந்தார். தமிழ்ப்பள்ளி வாத்தியார் இருந்தார். ஆயாக் கொட்டகையில் ஆயா இருந்தார். பால்மரம் வெட்டப்போன தாயின் குழந்தைக்கு உடம்பு சுட்டால், ஆயா டிரஸ்ஸரிடம் சொல்வார். டிரஸ்ஸர் பெரிய மருத்துவமனைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தருவார். வெள்ளைக்காரத் துரைமார்கூடத் தமிழ் படித்தார்கள். தோட்ட நிர்வாகிகளின் சங்கம் அவர்களுக்குத் தமிழில் தேர்வே வைத்தது. தொழிலாளர் இலாகாவுக்கு வந்த வெள்ளை அதிகாரிகளில் சிலரைத் தமிழ் கற்கத் தென்னிந்தியாவுக்கே அனுப்பினார்கள்.

அதைக் கேட்டு உருகிவிடத் தேவையில்லை. இலங்கைத் தோட்டங்களில் சின்னத்துரைமார் கையில் வைத்திருந்த ஒரு பழைய தமிழ்க் கையேட்டின் பெயர் என்ன தெரியுமா? 'இங்கே வா'. பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. வேலை வாங்குவதற்குத் தமிழ் கற்றார்கள். 'எங்கே வலிக்கிறது?' என்று கேட்கிற தமிழ் வேறு.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது வேலையும் லயத்து வீடும் போயின. அதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. கூடவே அந்த டிரஸ்ஸரும் கிராணியும் ஆயாவும் போனதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. சுங்கை சிப்புட்டிலிருந்தும் செம்மோரிலிருந்தும் கிளம்பி, ஈப்போ புந்தோங்கிலும் சுற்றியுள்ள தாமான்களிலும் குடியேறிய குடும்பத்துக்கு இப்போது தானே கிளினிக் போகவேண்டும், தானே பாரம் பூர்த்தி செய்யவேண்டும், தானே முகப்பில் நின்று பேசவேண்டும். டிரஸ்ஸரின் நாற்காலியில் இன்று ஐந்தாம் ஆண்டுப் பையன் உட்கார்ந்திருக்கிறான்.

'சுதந்திரம் கிடைத்து இத்தனை ஆண்டுகளாகியும் மலாய் தெரியாதா?' என்று சிலர் கேட்பார்கள். நம்மவர்களே கேட்பார்கள். தெரியும். மீன் வாங்கத் தெரியும், பஸ் ஏறத் தெரியும், அண்டை வீட்டு மலாய்க்கார அக்காவிடம் நலம் விசாரிக்கத் தெரியும். தோட்டத்துப் பள்ளியோடு படிப்பை நிறுத்திப் பெரட்டுக்குப் போன 70 வயது அம்மாவுக்கு, கர்ப்பப்பையில் வரும் வலியை மலாயில் விவரிக்கத் தெரியவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அதையும் பேரனை நடுவில் வைத்துக்கொண்டு? பாதியைச் சொல்லாமலே திரும்பிவிடுவார்.

பதிவிலாகா முகப்பில் நடப்பது இதைவிடக் கசப்பானது. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டச் சீர்திருத்தம் 1982 மார்ச் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன் சடங்கு முறைப்படி நடந்த கல்யாணங்களைச் சட்டம் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பின் கோயிலில் தாலி கட்டியிருந்தாலும் பதிவு செய்யாவிட்டால் பதிவிலாகாவின் கண்ணில் அது கல்யாணமே இல்லை. ஆகவே தாத்தா பாட்டி கல்யாணம் செல்லும். அதே கோயிலில், அதே ஐயர் முன்னால் நடந்த அப்பா அம்மா கல்யாணம் அந்த முகப்பில் செல்லாது. தோட்டத்தில் ஊர் கூடி நடத்திய கல்யாணத்துக்கு இனி காகிதமும் வேண்டும் என்று, புரியும் தமிழில் எத்தனை பேருக்கு யார் சொன்னார்கள்?

விளைவு பிள்ளைகளின் தலையில் விடிகிறது. அப்படிப் பிறந்த குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயர் தானாக ஏறாது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி தாயும் தந்தையும் சேர்ந்து கேட்கவேண்டும். குடியுரிமையும் தாய் வழியில்தான் பார்க்கப்படும். தாயிடமே அடையாளக் கார்டு இல்லையென்றால் சிக்கல் அடுத்த தலைமுறைக்குத் தாவும். 2011இல் 'மைடஃப்தார்' என்ற பெயரில் இயக்கம் நடத்திப் பத்திரமில்லாத இந்தியர்களைத் தேடிப் பதியவேண்டி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இதற்கு அதிகாரிகள் வைத்திருக்கும் சொல் 'அனாக் தாக் சா தாராஃப்'. முறையற்ற வழியில் பிறந்த பிள்ளை என்று பொருள். தாய்க்கு மலாய் எட்டவில்லை. பக்கத்தில் நிற்கும் மகளுக்கு எட்டும். அந்தச் சொல்லை, தன்னைப் பற்றிய அந்தச் சொல்லை, அந்தப் பிள்ளையே தாய்க்கு மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். எந்த அதிகாரியும் இதை வேண்டுமென்று செய்வதில்லை. மாற்று ஏற்பாடு இல்லாததால் நடக்கிறது.

மனநோய் பக்கம் வந்தால் நிலைமை இன்னும் நுட்பமானது. 1911இல் தொடங்கப்பட்ட தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை இன்று 'பஹாகியா' என்ற அழகான பெயரோடு இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் அந்த ஊரின் பெயரே ஒரு வசவு. அதனால் யாரும், 'எனக்கு மனநோய்' என்று சொல்லி வருவதில்லை. நெஞ்சு அடைக்குது என்பார்கள், உடம்பெல்லாம் எரியுது என்பார்கள். வயதான ஒருவர், 'போய்ச் சேர்ந்தா தேவல' என்பார். பிள்ளை அதை, 'தாத்தா போகணுமாம்' என்று மலாயில் சொல்வான். வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறார் என்று மருத்துவர் எடுத்துக்கொள்ளலாம். தற்கொலைக்கு முயல்வதே குற்றம் என்ற சட்டம் 2023இல்தான் நீங்கியது. போலீஸ் பயத்தில் வாயை மூடிப் பழகிய குடும்பங்கள் வெளிப்படையாகப் பேச இன்னும் நாளாகும். அதுவரை சுற்றி வளைத்துப் பேசும் அந்தத் தமிழைத்தான் ஒருவர் புரிந்துகொள்ளவேண்டும்.

அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், அதை அவருக்குப் புரியும் மொழியில் மாற்றிச் சொல்லியாகவேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 270ஆம் பிரிவு கூறுகிறது. சுகாதாரத் துறையின் துண்டறிக்கைகள் தமிழிலும் வந்திருக்கின்றன. பூச்சிக்கொல்லிப் புட்டிகளில் தமிழிலும் எச்சரிக்கை அச்சாகியது. ஆனால் மருந்தைக் கலக்கி ஊற்றுவது மண்டோர். தோளில் சுமக்கும் பெண்ணின் கைக்கு வருவது தோம்பு மட்டும். புட்டியையே பார்க்காதவருக்கு அதன்மேல் ஒட்டிய தமிழால் என்ன பயன்? அந்தப் பெண்களின் கஷ்டத்தைத் தெனாகனித்தா போன்ற அமைப்புகள் பல ஆண்டுகள் எடுத்துச் சொல்லி, பராகுவாட் 2002இல் தடை செய்யப்பட்டு, 2006இல் தடை தளர்த்தப்பட்டு, 2020இல்தான் முழுமையாக நின்றது.

துண்டறிக்கைத் தமிழையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். 'நீரிழிவு' என்று அச்சடிக்கிறார்கள். புந்தோங் அம்மாவுக்கு அது 'இனிப்பு நீர்'. 'உயர் குருதி அழுத்தம்' என்று அச்சடிக்கிறார்கள். அவருக்கு அது 'பிரஷர்'. தமிழை வளர்க்க வேறு மேடைகள் இருக்கின்றன. கிளினிக் சுவரில் அந்த வேலை வேண்டாம்.

உண்மையில் இல்லாத பொருள் ஒன்றுதான்: தமிழ் தெரியாத தாதிக்கும் அதிகாரிக்கும் ஆசிரியருக்கும் உதவும் ஒரு சின்ன ஏடு. இடப்பக்கம் தோட்டத்துத் தமிழ்ச் சொல், வலப்பக்கம் அதன் சரியான மலாய். படிக்கிறபடியே உச்சரிக்க மலாய் எழுத்தில் தமிழ். கூடவே, எந்தக் கேள்விகளைப் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கவேண்டும் என்ற குறிப்பு. கூச்சம் வரும் இடங்களில் எப்படித் தொடங்குவது என்றும் இரண்டு வரி: 'அம்மா' என்று விளித்துவிட்டுக் கேட்டாலே பாதி பயம் போய்விடும். புறநோயாளிப் பிரிவில் தமிழ் தெரிந்த ஊழியர் யார், எந்த நேரத்தில் இருப்பார் என்று கடைசிப் பக்கத்தில் கையால் எழுத இடம்.

இதைச் செய்யக் கோடிக்கணக்கில் வேண்டியதில்லை. பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் உண்டு. நம் பொது இயக்கங்கள் ஓர் ஆண்டில் போடும் பொன்னாடைக் காசில் ஒரு பகுதி போதும், அச்சுக்கூலிக்கு. (யாரும் கோபித்துக்கொள்ளவேண்டாம்; பொன்னாடை வாங்குகிறவர்களுக்கே அதை வைக்க வீட்டில் இடமில்லை.)

சொற்களைச் சேகரிக்கத்தான் ஆள் வேண்டும். அந்தப் பழைய டிரஸ்ஸர்களும் ஆயாக்களும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எழுபதைத் தாண்டிவிட்டார்கள். சுங்கை சிப்புட்டிலோ தெலுக் இந்தானிலோ தாமான் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஓர் ஆறாம் படிவ மாணவி ஒரு சனிக்கிழமை போனால் போதும். முதல் பக்கத்தில் 'மருந்து' என்று எழுதி, எதிரே இரண்டு வரி விடட்டும். ஒன்றில் ஊபாட். இன்னொன்றில் ராச்சுன். எப்போது எது என்று அந்த டிரஸ்ஸரே சொல்வார்.