சாக்கடை வரை வரவேண்டிய வேதியியல்



வேதியியல் படித்தவர்களும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளும் கூடியிருக்கும் பட்டமளிப்புச் சபை இது. இரு சாராருக்கும் பழக்கமான ஒரு வாயுவைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. நடவு வயலில் தண்ணீர் தேங்கியே கிடந்தால் சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். பிறகு நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள சல்ஃபேட்டை இந்த வாயுவாக மாற்றும். அழுகிய முட்டை நாற்றம் எழும், வேர் கறுக்கும், பயிர் வாடும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் டெல்டா விவசாயி, வேருக்குக் காற்றைக் கொடுத்து இதைத் தடுக்கிறார்.

இதே வாயு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலும் பிறக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் ஒரு கிலோ டீசலில் 10 மில்லிகிராமுக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. சென்னை மணலியில் உள்ளது போன்ற ஆலைகளில் எண்ணெயிலிருந்து நீக்கப்படும் கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளிவருகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கை எரித்துக் கந்தக டை ஆக்சைடாக்கி, மீதியோடு வினைபுரியவைத்தால் கந்தகமும் நீரும் கிடைக்கும். கார்ல் ஃபிரெட்ரிக் கிளாஸ் 1883இல் காப்புரிமை பெற்ற முறையின் வளர்ந்த வடிவம் இது. உலையில் மட்டும் சுமார் 60 முதல் 70 சதவீதம் கந்தகமாகிறது. அடுத்துள்ள அலுமினா வினையூக்கிப் படுகைகள் அதை 95 முதல் 98 சதவீதம் வரை உயர்த்துகின்றன.

மிச்சமிருக்கும் அந்தச் சில சதவீதத்துக்காகத்தான் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உழைத்தார்கள். வினையூக்கிப் படுகையில் வெப்பத்தைக் குறைத்தால் கந்தகம் கூடுதலாகக் கிடைக்கும். அளவுக்கு மீறிக் குறைத்தாலோ, விளைந்த கந்தகமே திரவமாகி வினையூக்கியின் நுண்துளைகளை அடைத்துவிடும். 1980களின் இறுதியில் இரும்பு ஆக்சைடு வினையூக்கி இதற்கு ஒரு வழி திறந்தது. எஞ்சிய வாயுவை அது ஆக்சிஜனோடு சேர்த்து நேராகக் கந்தகமாக்கியது. மீட்பு 99 சதவீதத்தை எட்டியது. இப்படிக் கிடைக்கும் கந்தகம் கந்தக அமிலமாகி, சூப்பர் பாஸ்பேட் உரமாகி, வயலுக்கே வந்து சேர்கிறது.

ஆலையில் தப்பிக்கும் ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு அக்கறை. அதே வாயு நிறைந்த கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதனை இறக்குகிறோம். சிறிய அளவில் நாறும் இந்த வாயு, காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு ஆனதும் மூக்கை மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்புகிறவர், அளவு இன்னும் ஏறினால் சில மூச்சுகளில் சாய்ந்துவிடுவார். காப்பாற்ற இறங்குபவரும் சாய்வார். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இறப்புக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் சாவுச் செய்தி நிற்கவில்லை. விலைபோகும் இடத்துக்கு விஞ்ஞானம் விரைந்து போய்விட்டது. உயிர்போகும் இடத்துக்கு இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை.

வேதியியல் மாணவர்களே, இரும்பு மலிவானது. அதன் ஆக்சைடு சாதாரண வெப்பத்திலேயே இந்த வாயுவைப் பிடிக்கும். காற்றுப் பட்டால் கந்தகத்தை விட்டுவிட்டு மீண்டும் தயாராகும். ஆனால் சில சுற்றுகளுக்குப் பிறகு அந்தக் கந்தகம் படிந்து அது ஓய்ந்துபோகிறது. ஈரத்தில் நெடுநாள் தாங்கி, ஓர் ஊராட்சியால் வாங்க முடிகிற விலையில் அமையும் வினையூக்கி நமக்கு வேண்டும். கழிவுநீர் நிலையத்துக்கும், சேலத்து ஜவ்வரிசி ஆலைகளின் உயிரிவாயுக் கலனுக்கும் அது உதவும். மற்ற துறையினரே, கேரளத்து இளம் பொறியாளர்கள் உருவாக்கிய பாண்டிகூட் ரோபோ நம் சுவாமிமலைக்குப் பக்கத்துக் கும்பகோணத்துக்கே வந்து சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்தது. அவர்களும் உங்களைப் போல் கல்லூரியிலிருந்து வந்தவர்களே.

தந்தைக்கே மகன் பாடம் சொன்ன தலம் என்று இந்தச் சுவாமிமலையைப் போற்றுகிறோம். மூத்தவர்களாகிய நாங்கள் செய்யாமல் விட்டதை நீங்கள் எங்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் ஒருவர் குழிக்குள் இறங்கப் போனால் தடுத்து நிறுத்துங்கள். இயந்திரத்தைக் கேட்டு நகராட்சிக்குப் போங்கள். ஆய்வுக்கூடம் கிடைத்தவர்கள் அந்த மலிவான வினையூக்கியைத் தேடுங்கள். நீங்கள் பெற்ற பட்டம் அந்தத் தொழிலாளியின் வீட்டுக்கும் பயன்படட்டும்.